ஒரே படம், நாட்டுக்கு ஒரு தட்டு

கேரள எல்லையில், குமுளியில் எங்கள் வீட்டு மாடியில் இரண்டு அறைகளைத் தேக்கடி பார்க்க வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். 2010-ல் ஒரு ஜெர்மன் குடும்பம் நான்கு நாள் தங்கியது. கிளம்பும்போது, தங்கள் பையன் பார்த்து முடித்த ஒரு கார்ட்டூன் பட டிவிடியை என் அக்கா மகனிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவனுக்கு அப்போது ஏழு வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வராததுமாகப் பிளேயரில் போட்டான். படம் வரவில்லை. 'ரீஜியன் எரர்' என்ற எழுத்து மட்டும் திரையில் வந்து நின்றது.

கீறல் இருக்கும் என்று நினைத்து, துணியால் துடைத்துத் துடைத்துப் போட்டுப் பார்த்தோம். அப்புறம் செக்போஸ்ட் பக்கத்தில் சிடி கடை வைத்திருந்த சேட்டனிடம் கொண்டுபோனோம். அவர் தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். "தட்டுக்கு ஒண்ணும் இல்ல மோனே. இது ரெண்டாம் ரீஜியன். உங்க பிளேயர் அஞ்சாம் ரீஜியன். 0 போட்ட தட்டா இருந்தா எங்க வேணும்னாலும் ஓடும்" என்றார். பையன் உடனே அட்டையின் மூலையில் இருந்த வெள்ளைக் கட்டத்தைக் காட்டினான். "இதுல 0-ன்னுதானே போட்டிருக்கு மாமா?"

போட்டுத்தான் இருந்தது. ஆனால் அந்த 0 ரீஜியன் எண் இல்லை, வயது. ஜெர்மனியில் எஃப்எஸ்கே என்ற அமைப்பு படங்களுக்கு வயது வரம்பு சொல்கிறது: வெள்ளைக் கட்டத்தில் 0 என்றால் எல்லா வயதினரும் பார்க்கலாம், மஞ்சளில் 6, பச்சையில் 12, நீலத்தில் 16, சிவப்பில் 18. ஒரு சின்ன அட்டையில் ஒரு நாட்டின் வயது முத்திரை, ஒரு கண்டத்தின் மண்டல எண், அந்த ஊர் மின்சாரத்துக்கு ஏற்ற படக் கணக்கு எல்லாம் சேர்ந்து உட்கார்ந்திருந்தன. அதைப் புரிந்துகொள்ள எனக்குச் சில வருடங்கள் ஆயின. எல்லையில் வாழ்கிற நமக்கு இது சீக்கிரம் விளங்கும் என்று நம்பித்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். கடையில் டிவிடி வாங்கும்போது நாம் படத்தை வாங்குவதில்லை. இந்த நாட்டில், இந்த வடிவத்தில், வீட்டில் வைத்துப் பார்க்கலாம் என்று ஒருவர் பெற்ற அனுமதியின் ஒரு நகலைத்தான் வாங்குகிறோம். வேறு நாட்டில் அந்த அனுமதி வேறொருவர் கையில் இருக்கும். அவர் தட்டு போடும்போது அவர் ஊர்ச் சட்டம், அவர் ஊர் டிவி, அவர் ஊர் விலை எல்லாம் அதில் ஏறிவிடும்.

சினிமா வியாபாரத்தில் இது நமக்குப் பழகிய சங்கதிதான். ஒரு தமிழ்ப் படத்தைத் தயாரிப்பாளர் மொத்தமாக ஒரே ஆளுக்கு விற்பது குறைவு. ஏரியா ஏரியாவாகப் பிரித்துத்தான் கொடுப்பார். கம்பத்துத் தியேட்டருக்கு வருகிற படம் மதுரை-ராமநாதபுரம் ஏரியாவில் சேரும். மலைப்பாதை ஏறி குமுளிக்கு வந்துவிட்டால் அது கேரள ஏரியா. விநியோகஸ்தர் வேறு, கணக்கு வேறு. இடையில் இருப்பது சுமார் 25 கிலோமீட்டர். தினமும் ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் ஏறி வருகிற பெண்கள் காலையிலும் மாலையிலும் கடக்கிற தூரம்.

2023 அக்டோபர் 19-ல் 'லியோ' வெளியானபோது இந்தக் கோடு கண்ணுக்கே தெரிந்தது. தமிழ்நாட்டில் முதல் காட்சி காலை 9 மணிக்கு. கேரளத்தில் விடியற்காலை 4 மணிக்கே தொடங்கிவிட்டது. அதே படம், அதே மொழி, ஒரு செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஐந்து மணி நேர வித்தியாசம். ஒரே நாட்டுக்குள்ளேயே இப்படி என்றால், நாடு விட்டு நாடு போகும்போது எவ்வளவு மாறும் என்று யோசித்துப் பாருங்கள்.

வெளிநாட்டு உரிமைக்குத் தமிழ் சினிமாவில் ஒரு பழைய பெயர் உண்டு: எஃப்எம்எஸ். ஃபாரின், மலேசியா, சிங்கப்பூர் என்பதன் முதலெழுத்துகள். தியேட்டர் உரிமை, சாட்டிலைட் உரிமை, டப்பிங் உரிமை, ஆடியோ உரிமை, வீடியோ உரிமை என்று ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கைமாறும். லண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட ஐங்கரன் இன்டர்நேஷனல் இப்படித்தான் வெளிநாட்டு உரிமையை வாங்கி, ஐரோப்பாவிலும் கனடாவிலும் இருக்கிற தமிழர்களுக்காக டிவிடி போட்டது. நல்ல அட்டை, ஆங்கில சப்டைட்டில், தனியாகப் பாட்டுகளுக்கு ஒரு மெனு. லண்டனிலும் டொரன்டோவிலும் இருக்கிற தமிழ்க் குடும்பம் அசல் தட்டில் பார்த்த புதுப்படத்துக்கு, தேனியிலோ கம்பத்திலோ அசல் தட்டே கிடையாது. உள்நாட்டில் தட்டு வந்தால் தியேட்டர் வசூல் போய்விடும் என்று தயாரிப்பாளர்கள் பயந்தார்கள். அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது. ஆனால் வெளிநாட்டுத் தட்டு எப்படியோ இங்கே வந்து, நகலாகி, திருட்டு விசிடியாகத் தெருவுக்கு வந்தது. 2004-ல் தமிழ்நாடு அரசு வீடியோ திருட்டைக் குண்டர் சட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்தது என்றால், பிரச்சினை எவ்வளவு முற்றியிருந்தது என்று தெரியும்.

சேட்டன் கடையில் இந்த வித்தியாசம் அலமாரியிலேயே தெரியும். மலையாளப் படங்கள் தியேட்டரில் ஓடி முடித்த சில மாதங்களில் அசல் சிடியாக வந்து வரிசையாக நிற்கும். தமிழ் அலமாரியில் பழைய படங்கள்தான் அதிகம். "தமிழ்ப் புதுப்படம் ஒரிஜினல் இருக்கா?" என்று கேட்டால் தலையை ஆட்டுவார். எனக்கு அது அப்போது பெரிய வருத்தம். நம் படத்தை நாம் காசு கொடுத்து ஒழுங்காகப் பார்க்க வழி இல்லையே என்று இருக்கும். 2007 வாக்கில் மோசர் பேயர் நிறுவனம் விசிடி 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய் என்று விற்க ஆரம்பித்தபோது நிலைமை கொஞ்சம் மாறியது. திருட்டுத் தட்டு விலைக்கே அசல் கிடைத்தது. 2015-ல் இயக்குநர் சேரன் 'சினிமா டூ ஹோம்' என்று தன் படத்தை நேராக வீட்டுக்கே டிவிடியாகக் கொண்டுவந்ததும் இந்தப் பூட்டை உடைக்கத்தான்.

சரி, ரீஜியன் எண்ணுக்கு வருவோம்.

டிவிடி 1996 நவம்பரில் ஜப்பானிலும் 1997-ல் அமெரிக்காவிலும் கடைக்கு வந்தது. அப்போது ஹாலிவுட் படங்கள் உலகம் முழுக்க ஒரே நாளில் வெளியாகவில்லை. பிலிம் பெட்டிகளை அமெரிக்காவில் ஓட்டிவிட்டு, பல மாதம் கழித்துத்தான் மற்ற நாடுகளில் படத்தைத் திறப்பார்கள். அமெரிக்காவில் தட்டு வந்துவிட்ட சமயத்தில் ஆஸ்திரேலியாவில் படம் தியேட்டருக்கே வந்திருக்காது. தட்டு விமானம் ஏறி வந்துவிட்டால் தியேட்டர்காரர் என்ன செய்வார்? இன்னொன்று விலை. அமெரிக்காவில் 20 டாலர் அளவில் விற்கிற தட்டை இந்தியாவில் அந்த விலைக்கு விற்க முடியாது. இங்கே மலிவாக விற்றால், யாராவது மூட்டையாக வாங்கி அங்கே கொண்டுபோய் விற்றுவிடுவார்கள்.

இதற்காக ஸ்டுடியோக்கள் உலகத்தையே துண்டு போட்டன. 1 அமெரிக்காவும் கனடாவும். 2 ஐரோப்பா, ஜப்பான், வளைகுடா நாடுகள், தென்னாப்பிரிக்கா. 3 தென்கிழக்கு ஆசியா, தென்கொரியா, தைவான், ஹாங்காங். 4 ஆஸ்திரேலியாவும் லத்தீன் அமெரிக்காவும். 5 இந்தியா, ரஷ்யா, ஆப்பிரிக்காவின் பெரும்பகுதி. 6 சீனா. விமானத்துக்கும் கப்பலுக்கும் 8 என்று தனி எண்கூட உண்டு. தட்டில் எந்தெந்த மண்டலம் என்று குறித்திருக்கும். பிளேயருக்குள் ஒரு எண் இருக்கும். இரண்டும் பொருந்தினால்தான் படம் ஓடும். தட்டில் உள்ள படம் பூட்டித்தான் இருக்கிறது. அதைத் திறக்கும் சாவிக்கு உரிமம் வேண்டும் என்றால் மண்டலக் கட்டுப்பாட்டுக்கும் ஒத்துக்கொள்ள வேண்டும். அதனால்தான் பிளேயர் செய்கிற கம்பெனிகள் இதற்கு உடன்பட்டன. கணினியில் இருக்கிற டிவிடி டிரைவில் மண்டலத்தை ஐந்து முறைதான் மாற்றலாம், ஐந்தாவது முறை மாற்றியது அப்படியே நின்றுவிடும்.

விசிடியில் இந்தப் பூட்டே கிடையாது. ஒரு தட்டில் 74, மிஞ்சினால் 80 நிமிடம், அதனால் ஒரு தமிழ்ப் படத்துக்கு இரண்டு மூன்று தட்டு. படத் தெளிவும் சுமார்தான். ஆனாலும் இந்தியாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் அது ஊரெல்லாம் ஓடியது, அமெரிக்காவில் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. இந்தியப் பட டிவிடிகளும் பெரும்பாலும் மண்டலப் பூட்டு இல்லாமல், 0 என்றே வந்தன. காரணம் தெளிவு: நம் ஆட்கள் எல்லா மண்டலத்திலும் இருக்கிறார்கள். ஒரே தட்டை லண்டனிலும் துபாயிலும் சிட்னியிலும் விற்க வேண்டும்.

எனக்கு இந்த விஷயத்தில் ரொம்பப் பிடித்த பகுதி மின்சாரக் கதைதான். ஷார்ஜாவில் வேலை பார்த்த சித்தப்பா ஒரு ஆங்கிலப் பட டிவிடி கொண்டுவந்தார். அதே படத்தின் அமெரிக்கத் தட்டு ஒரு நண்பனிடம் இருந்தது. இரண்டு அட்டையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அமெரிக்கத் தட்டில் 125 நிமிடம், சித்தப்பா தட்டில் 120 நிமிடம். ஐந்து நிமிடத்தை வெட்டிவிட்டார்கள் என்று நானே பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். தப்பு. ஒரு காட்சிகூடப் போகவில்லை.

நம் வீட்டுக்கு வருகிற மின்சாரம் நொடிக்கு 50 சுற்று என்ற கணக்கில் திசை மாறி மாறி வருகிறது. ஐரோப்பாவிலும் அதேதான். அமெரிக்காவில் 60 சுற்று. டிவி கண்டுபிடித்த காலத்தில், படம் காட்டும் வேகம் மின்சாரத்தின் துடிப்போடு ஒத்துப்போகவில்லை என்றால் திரையில் பட்டை பட்டையாக ஓடும். அதனால் 50 உள்ள நாடுகளில் நொடிக்கு 25 அசையாப் படம் (சட்டகம்), 60 உள்ள இடங்களில் கிட்டத்தட்ட 30 படம் என்று அமைந்தது. கலர் வந்தபோது முதல் வகை பிஏஎல் என்றும் இரண்டாவது என்டிஎஸ்சி என்றும் பிரிந்தன. 1982-ல் தூர்தர்ஷன் கலருக்கு மாறியபோது இந்தியா எடுத்துக்கொண்டது பிஏஎல். நம் டிவிடி ரிமோட்டில் பி/என் என்று ஒரு பொத்தான் இருந்ததே, அது இதற்குத்தான்.

சினிமா பிலிமோ உலகம் முழுக்க நொடிக்கு 24 படம். இதை 25 படம் காட்டுகிற டிவியில் எப்படிப் பொருத்துவது? எளிய வழியைப் பிடித்தார்கள், படத்தையே கொஞ்சம் வேகமாக ஓட்டிவிட்டார்கள். நூற்றுக்கு நான்கு அளவு வேகம். 125 நிமிடப் படம் 120 நிமிடத்தில் முடிந்துவிடும். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் காதுக்குத் தெரியும். குரல் சற்று மெலிகிறது, பாட்டு சுருதி அரைக்கட்டைக்குச் சற்றுக் குறைவாக ஏறிவிடுகிறது. ஒரு பாட்டை ஆயிரம் தடவை கேட்டவர்களுக்கு இது உறுத்தும். அமெரிக்க முறையில் வேகம் மாறாது. அதற்குப் பதில் சில சட்டகங்களைத் திருப்பித் திருப்பிக் காட்டி 30 கணக்கை நிரப்புவார்கள். கேமரா மெல்ல நகரும் காட்சிகளில் லேசான தடுமாற்றம் இருக்கும், அவ்வளவுதான். டிவிடிக்கு அடுத்த தலைமுறைத் தட்டாக 2006-ல் வந்த புளூரே நொடிக்கு 24 படத்தை அப்படியே காட்டுகிறது என்பதால் இந்தத் தொல்லை ஓய்ந்தது.

ஒரே மண்டலத்துக்குள்ளும் இந்த வித்தியாசம் இருக்கும். ஜப்பானும் ஐரோப்பாவும் 2-ஆம் மண்டலம்தான். ஆனால் ஜப்பான் என்டிஎஸ்சி, ஐரோப்பா பிஏஎல். 1998-ல் 'முத்து' ஜப்பானில் அவ்வளவு பெரிய வெற்றி பெற்று அங்கே வீட்டுக்குள்ளும் போனபோது, அந்தத் தட்டு ஜப்பானியருக்காக, ஜப்பானிய சப்டைட்டிலோடு, ஜப்பானிய டிவிக் கணக்கில் செய்தது.

உண்மையிலேயே காட்சி வெட்டுப்படுவதும் உண்டு. அது சென்சார். பிரிட்டனில் 1984-ல் வந்த வீடியோ பதிவுச் சட்டப்படி, தட்டாக விற்க வேண்டும் என்றால் அந்தத் தட்டுக்கு அங்கே படங்களுக்கு வயது வகை சொல்லும் பிபிஎஃப்சி அமைப்பின் சான்றிதழ் வேண்டும். தியேட்டரில் டிக்கெட் கொடுப்பவர் வயது பார்ப்பார், வீட்டில் யார் பார்ப்பது? குழந்தை ஒரு காட்சியைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்க்கலாம். அதனால் வீட்டுத் தட்டைத் தனியாகப் பரிசீலிக்க வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். அதைவிடப் பழைய ஒரு சட்டம், 1937-ல் வந்தது: படமெடுக்கும்போது மிருகத்தை நிஜமாகவே வதைத்திருந்தால் அந்தக் காட்சியைக் காட்டக் கூடாது. குதிரையைக் கால் இடறி விழவைப்பது, சேவல் சண்டை எல்லாம் இதில் போய்விடும். நம் பக்கத்துப் படங்களில் இவை எவ்வளவு சாதாரணம்!

மலேசியாவில் 2016-ல் 'கபாலி' வந்தபோது முடிவே மாறியது. கபாலி போலீசில் சரணடைந்தார் என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தார்கள். இங்கே நாம் வாதம் செய்துகொண்டிருந்த அந்தத் திறந்த முடிவு அங்கே இல்லை. நம் நாட்டுப் பிரதியிலும் வெளிநாட்டவர் பார்க்காத ஒன்று இருக்கிறது: 2012 அக்டோபர் 2 முதல், யாராவது சிகரெட் பிடிக்கும்போதெல்லாம் திரைக்கு அடியில் வருகிற எச்சரிக்கை வரி. வெளிநாட்டுத் தட்டை எடுத்தால் அந்த வரி இல்லாத படம் கிடைக்கலாம். புகைக்கு எதிரான எச்சரிக்கை நல்லதுதான். ஆனால் ஒளிப்பதிவாளர் நிழலும் வெளிச்சமுமாக யோசித்து வைத்த ஒரு சட்டகத்தின் மேல் எழுத்து ஓடுவது எனக்கு இன்றும் வலிக்கிறது.

பாட்டாலும் தட்டு மாறும். முக்கியமாக அமெரிக்க டிவி தொடர்களில். வீடியோ என்று ஒன்று வரும் என்று தெரியாத காலத்தில் பாட்டுக்கு ஒப்பந்தம் போட்டிருப்பார்கள். தட்டு போடும் நேரத்தில் பாட்டுக்காரர் மறுபடி காசு கேட்பார், கட்டுப்படியாகாது, வேறு இசையை ஒட்டிவிடுவார்கள். மொழியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு டிவிடியில் எட்டு ஒலித்தடம், 32 சப்டைட்டில் வரை வைக்க இடம் உண்டு. எந்த மொழிகளை வைப்பது என்பது எங்கே விற்கப்போகிறோம் என்பதைப் பொறுத்தது.

மனசுக்குள் இருக்கும் ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி' 1955-ல் வந்தது. அதன் தொடர்ச்சியான இரண்டு படங்களோடு சேர்த்து மூல நெகட்டிவ்கள் 1993-ல் லண்டனில் ஒரு லேபில் ஏற்பட்ட தீயில் கருகின. கருகியதில் பிழைத்த பிலிமையும் மற்ற நாடுகளில் இருந்த பிரதிகளையும் சேர்த்து, ஒவ்வொரு சட்டகமாக மீட்டெடுத்து, அமெரிக்காவின் கிரைட்டீரியன் நிறுவனம் 2015-ல் புளூரே வெளியிட்டது. புளூரேயில் மண்டலம் மூன்றுதான்: அமெரிக்கா, ஜப்பான், தென்கிழக்கு ஆசியா ஏ, ஐரோப்பா, ஆஸ்திரேலியா பி, இந்தியா, சீனா, ரஷ்யா சி. அந்த அமெரிக்கத் தட்டு ஏ. வங்காளத்துக் கிராமத்தில் எடுத்த படத்தின் அந்த அருமையான தட்டு, இந்தியாவில் வாங்கிய சாதாரணப் பிளேயரில் ஓடாது. இதற்காகவே எல்லா மண்டலமும் ஓட்டும் பிளேயரைத் தேடி வாங்கியவன் நான். இப்போது வருகிற 4கே தட்டுகளில் மண்டலப் பூட்டு போடுவதில்லை என்பது ஒரு நிம்மதி.

தட்டுக் காலம் முடிந்துபோச்சே, இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். எல்லை போகவில்லை. ஒரு தமிழ்ப் படம் இந்தியாவில் ஒரு ஓடிடியில் இருக்கும், வெளிநாட்டில் இன்னொன்றில் இருக்கும், தெலுங்கு டப்பிங் மூன்றாவது ஒன்றில் இருக்கும். உங்கள் இணைய முகவரி எந்த நாடு என்று பார்த்து அது கதவைத் திறக்கும். கால இடைவெளிச் சண்டையும் அப்படியே இருக்கிறது. பிரான்சில் தியேட்டருக்கு வந்து நான்கு மாதம் ஆனபிறகுதான் தட்டு விற்கலாம் என்று சட்டமே இருக்கிறது. முன்பு சொன்ன 'லியோ'வின் இந்திப் பதிப்பை வடநாட்டுப் பெரிய மல்டிபிளெக்ஸ்கள் திரையிடவில்லை. இந்திப் படம் என்றால் ஓடிடிக்கு எட்டு வாரம் பொறுக்க வேண்டும் என்பது அவர்கள் நிபந்தனை. அப்போது தமிழில் நான்கு வாரம்தான் வழக்கமாக இருந்தது.

இன்னமும் தட்டு வாங்குகிறவர்கள், பின்னட்டையில் உலக உருண்டைப் படத்துக்குள் இருக்கும் எண்ணைப் பாருங்கள். அதுதான் மண்டலம். பக்கத்தில் பிஏஎல்லா என்டிஎஸ்சியா என்று இருக்கும். நிமிடக் கணக்கு குறைந்திருந்தால் நான்கு சதவீதமா என்று முதலில் கணக்குப் போடுங்கள், அப்புறம் சென்சாரைத் திட்டலாம்.

அன்றைக்குச் சேட்டன் எங்கள் பிளேயரைக் கடைக்குக் கொண்டுவரச் சொன்னார். தட்டு வைக்கும் தட்டத்தை வெளியே இழுத்துவிட்டு, ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்த எண்களை ரிமோட்டில் வரிசையாக அழுத்தினார். திரையில் 5 என்று இருந்தது 0 ஆனது. காசு வாங்கவில்லை. மருமகன் பிளேயரை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்தான். வீட்டில் படம் ஜெர்மன் மொழியில் ஆரம்பித்தது. அரை மணி நேரம் அப்படியே பார்த்தான், அதற்குள் அக்கா ரிமோட்டில் ஆடியோ பொத்தானைக் கண்டுபிடித்து ஆங்கிலத்துக்கு மாற்றினாள். "மாத்தாதேம்மா, எனக்குப் புரியுது" என்று அழ ஆரம்பித்துவிட்டான்.